வீட்டு நீச்சல் குளத்தில் குளோரின்: அளப்பதும் அளவில் வைத்திருப்பதும்

புதிதாகக் குளம் கட்டியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “வாரத்துக்கு எத்தனை கிலோ குளோரின் போடணும்?” என்பதுதான். அப்படி ஒரு கணக்கு கிடையாது. ஒரே குளத்துக்கு ஏப்ரல் வெயிலில் ஆகும் குளோரின் வேறு, நவம்பர் மழையில் ஆகும் குளோரின் வேறு; ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து குதித்தால் அன்றைக்கு ஆவது வேறு. கிலோ கணக்கை மறந்துவிட்டு, அளந்து பார்த்து, குறைந்ததை மட்டும் சேர்த்தால் செலவும் குறையும், தண்ணீரும் பச்சை அடிக்காது.

இங்கே எழுதியிருப்பது திறந்தவெளியில் உள்ள, டைல்ஸ் ஒட்டிய, மணல் ஃபில்டர் வைத்த சாதாரண வீட்டுக் குளத்துக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கோவையைச் சுற்றியும் பெரும்பாலும் போர் தண்ணீரோ லாரி தண்ணீரோதான் நிரப்புகிறார்கள். அதற்கான எச்சரிக்கைகளும் இடையிடையே வரும். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

1. குளத்தில் எத்தனை லிட்டர்?

இது தெரியாமல் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர். மீட்டரில் அளந்தால் பெருக்கி வருவதை ஆயிரத்தால் பெருக்குங்கள்.

சராசரி ஆழம் என்பது ஆழமான பக்கத்தையும் ஆழமில்லாத பக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது. இங்கேதான் பலர் ஆழமான பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அளப்பதும் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை. மேல் விளிம்பு வரை அல்ல.

30 அடி நீளம், 15 அடி அகலம், ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 5 அடி என்றால் சராசரி 4 அடி. 1,800 கன அடி, ஏறக்குறைய 50,000 லிட்டர். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 50,000 லிட்டர் குளத்துக்குத்தான். உங்கள் எண்ணை மோட்டார் அறைச் சுவரில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். பராமரிப்புக்கு வரும் ஆள் மாறினாலும் எண் மாறாது.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

முதலில் டெஸ்ட் கிட். கடையில் மலிவாகக் கிடைப்பது இரண்டு பாட்டில் கிட்: மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. சொட்டு குளோரினுக்கு, சிவப்புச் சொட்டு பி.எச்.சுக்கு, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மைக்கு. சும்மா ‘குளோரின் இருக்கிறதா, இல்லையா’ என்று பார்க்க அது போதும். ஆனால் ஓ.டி.ஓ. காட்டுவது மொத்தக் குளோரின். அதில் கிருமியைக் கொல்லும் குளோரின் எவ்வளவு, ஏற்கெனவே அழுக்கோடு சேர்ந்து வீரியம் இழந்தது எவ்வளவு என்று அதைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. நமக்கு வேண்டியது அந்தப் பிரிவினைதான். எனவே டி.பி.டி. மாத்திரை அல்லது சொட்டு கிட் வாங்குங்கள். இளஞ்சிவப்பு நிறம் வரும். கூடவே ஆல்கலினிட்டியும் (பி.எச்.சை நிலையாக வைக்கும் காரத்தன்மை) ஸ்டெபிலைசரும் (வெயிலில் குளோரின் வீணாகாமல் காப்பது) பார்க்கும் கிட்டாக இருந்தால் நல்லது.

காகிதப் பட்டைகளும் உண்டு. கடலோர ஈரக்காற்றில் டப்பாவை நாலு முறை திறந்து மூடினாலே அவை கெட்டுப்போகும். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நம்பி மருந்து போட வேண்டாம். எந்தக் கிட்டாக இருந்தாலும் காலாவதி தேதி பார்த்து வாங்கி, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். மோட்டார் அறைச் சூட்டில் வைத்தால் தேதிக்கு முன்பே வீணாகும்.

அடுத்து குளோரின். நம் ஊரில் நான்கு வடிவத்தில் கிடைக்கிறது. லிக்விட் ஹைப்போ, அதாவது கேனில் வரும் சோடியம் ஹைப்போகுளோரைட், வாங்கும்போது குளோரின் சுமார் 10 சதவீதம். கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை 65 முதல் 70 சதவீதம். டி.சி.சி.ஏ. என்ற குருணையோ மாத்திரையோ 90 சதவீதம். கடைசியாக பிளீச்சிங் பவுடர், சுமார் 30 சதவீதம். கூடவே சுண்ணாம்பும் இருக்கும். பிளீச்சிங் பவுடரைக் குளத்தில் போட்டு அடியில் வெள்ளைச் சேறு தங்கிவிட்டது என்று தலையில் கை வைத்தவர்கள் நிறையப் பேர். அதை வாங்கவே வேண்டாம்.

பி.எச். குறைக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஆல்கலினிட்டி ஏற்ற சமையல் சோடா, ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, இரண்டு பிளாஸ்டிக் மக், ஒரு வாளி. மக் இரண்டு எதற்கு என்றால், ஒன்று ஆசிட்டுக்கு மட்டும், மற்றது குளோரினுக்கு மட்டும். வேறு வேறு நிறத்தில் வாங்குங்கள். ஆசிட் ஒட்டியிருக்கும் மக்கில் ஹைப்போவை ஊற்றினால் அந்த இடத்திலேயே குளோரின் வாயு கிளம்பும். நுரையீரலைத் தாக்கும் வாயு அது.

டி.சி.சி.ஏ.வும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் (பிளீச்சிங் பவுடரும் இதே கட்சிதான்) ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒரே கரண்டியால் இரண்டையும் அள்ளாதீர்கள், ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். மருந்தை மெல்லக் கரையவிடும் மிதக்கும் டப்பாவில் ஒன்றைப் போட்டுப் பழகியிருந்தால் அதே டப்பாவில் மற்றதைப் போடாதீர்கள்.

3. தண்ணீர் எடுக்கும் விதம்

மோட்டார் ஓடி அரை மணி நேரமாவது ஆன பிறகு எடுங்கள். சுத்தமான தண்ணீர் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாய்க்கு அருகே எடுக்கக் கூடாது. அங்கே எண் கூடுதலாகக் காட்டும். மேல்மட்டத்திலும் எடுக்கக் கூடாது. வெயிலும் எண்ணெய்ப் படலமும் படும் இடம் அது.

குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, முழங்கை நனையும் ஆழத்துக்குக் கொண்டுபோய், அங்கே நிமிர்த்துங்கள். அதற்கு முன் அதே குளத்துத் தண்ணீரில் இரண்டு முறை அலசிவிடுங்கள்.

4. குளோரினைப் பார்ப்பது

குப்பியில் கோடு வரை நிரப்புங்கள். கண்ணை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தால், தண்ணீரின் குழிந்த அடிப்பகுதி கோட்டில் நிற்க வேண்டும். டி.பி.டி. 1 மாத்திரையை உறையிலிருந்து நேராகக் குப்பியில் தள்ளுங்கள், விரலால் தொடாதீர்கள். கிட்டோடு வரும் குச்சியால் நசுக்கிக் கரைத்து, மூடி போட்டுக் கவிழ்த்துக் கலக்குங்கள். மூடியைத் தேடச் சோம்பல்பட்டுக் கட்டைவிரலால் பொத்திக் குலுக்குபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். விரலின் வியர்வையும் எண்ணெயும் குளோரினைத் தின்னும், பி.எச்.சையும் மாற்றும்.

நிறத்தை ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள். நிழலில் நின்று, பகல் வெளிச்சத்தில், வெள்ளைப் பின்புலம் வைத்து ஒப்பிடுங்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் இளஞ்சிவப்பை ஒப்பிட முடியாது.

இப்போது வந்தது ஃப்ரீ குளோரின், அதாவது வேலை செய்யத் தயாராக இருப்பது. அதே குப்பியில் டி.பி.டி. 3 மாத்திரையையும் போட்டால் மொத்தக் குளோரின் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிணைந்த குளோரின்: வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு சேர்ந்து சோர்ந்து போனது. அது 0.5 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு) தாண்டினால் குளத்துக்குச் சிகிச்சை வேண்டும். டி.பி.டி. 3 போட்ட குப்பியை நன்றாகக் கழுவி வையுங்கள்; ஒட்டியிருக்கும் துளி மறுநாள் கணக்கைக் கெடுக்கும்.

கண்ணை எரிக்கும் ‘குளோரின் நாற்றம்’ இந்தப் பிணைந்த குளோரினிலிருந்து வருவது. நாற்றம் அடிக்கும் குளத்தில் பெரும்பாலும் ஃப்ரீ குளோரின் பற்றாக்குறைதான். ‘மருந்து ஜாஸ்தி’ என்று நினைத்து நிறுத்திவிட்டால் இரண்டு நாளில் பச்சை வரும்.

இன்னொரு பொறி: மாத்திரை போட்டதும் இளஞ்சிவப்பு ஒரு கணம் பளிச்சென்று தெரிந்து உடனே வெளுத்துவிட்டால், அது பூஜ்யம் அல்ல. குளோரின் மிக அதிகமாக இருந்து நிறத்தையே வெளுத்துவிட்டது. இதைப் பூஜ்யம் என்று படித்துவிட்டு இன்னும் நாலு மக் ஊற்றுவார்கள். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்துத் தண்ணீருக்கு நாலு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து அளந்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். பி.எச். சொட்டும் அதிகக் குளோரினில் ஊதா நிறம் காட்டி ஏமாற்றும், அன்றைக்கு பி.எச். எண்ணை நம்ப வேண்டாம்.

5. குளோரினுக்கு முன் பி.எச்.

பி.எச். 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும். காரணம் எளிது. ஸ்டெபிலைசர் இல்லாத நீரில், பி.எச். 7.5 இருக்கும்போது குளோரினில் பாதிதான் கிருமியை வேகமாகக் கொல்லும் வடிவில் இருக்கும். 8 ஆனால் கால்வாசிதான். கிட்டில் 3 பி.பி.எம். என்று காட்டும், வேலை அதற்கேற்ப நடக்காது.

அதற்கும் முன்னால் ஆல்கலினிட்டி 80 முதல் 120 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் பி.எச். ஓரிடத்தில் நிற்காது. 50,000 லிட்டரில் 10 பி.பி.எம். ஏற்ற சுமார் 850 கிராம் சமையல் சோடா. போர் தண்ணீரில் இது பொதுவாகவே அதிகம் என்பதால் சோடா தேவைப்படாமலும் போகலாம். அளக்காமல் போடாதீர்கள்.

பி.எச். 7.8 தாண்டினால் ஆசிட். ஒரு வாளி முக்கால் தண்ணீரில் 300 மில்லி ஆசிட்டை மெதுவாக ஊற்றி, மோட்டார் ஓட, ஆழமான பக்கத்தில் பரவலாக விடுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். சில மணி நேரம் கழித்து அளந்து, போதவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. ஒரேயடியாக இறக்கப் பார்க்காதீர்கள்.

6. ஸ்டெபிலைசர்: பலர் சறுக்கும் இடம்

நம் வெயிலில், பாதுகாப்பு இல்லாத குளோரின் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் போய்விடும். அதைத் தடுப்பது சயனூரிக் ஆசிட் என்ற ஸ்டெபிலைசர். திறந்தவெளிக் குளத்துக்கு 30 முதல் 50 பி.பி.எம். போதும்.

சிக்கல் என்னவென்றால், டி.சி.சி.ஏ.வுக்குள்ளேயே இந்த ஸ்டெபிலைசர் இருக்கிறது. அதிலிருந்து 10 பி.பி.எம். குளோரின் சேர்த்தால் கூடவே 6 பி.பி.எம். ஸ்டெபிலைசரும் சேரும். குளோரின் தினமும் செலவாகும். ஸ்டெபிலைசர் செலவாகாது, தங்கிவிடும். நாளுக்கு 2 பி.பி.எம். என்று மாதம் முழுக்க டி.சி.சி.ஏ. போட்டால் மாதத்துக்கு 36 பி.பி.எம். ஏறும். மூன்று மாதத்தில் 100 தாண்டும்.

ஸ்டெபிலைசர் ஏற ஏற, குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்வதும் கூடும். அதனால் ஃப்ரீ குளோரின் ஸ்டெபிலைசரின் 7.5 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். ஸ்டெபிலைசர் 30 என்றால் குறைந்தது 2 முதல் 3 பி.பி.எம்., 50 என்றால் 4, 100 என்றால் 7.5. “கிட்டில் 3 காட்டுகிறது, ஆனாலும் பாசி பிடிக்கிறது, மருந்து போலி போல” என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை மாதமாக டி.சி.சி.ஏ. போடுகிறீர்கள் என்பதுதான். பெரும்பாலும் மருந்து சரியாகத்தான் இருக்கும்.

இதற்குக் கடையில் தீர்வு இல்லை. ஏறிவிட்டால் தண்ணீரை மாற்ற வேண்டும். பாதித் தண்ணீரை மாற்றினால் ஸ்டெபிலைசர் பாதியாகும். மே மாதத்தில் லாரி தண்ணீர் விலையை நினைத்துப் பாருங்கள். எனவே என் யோசனை: புதுத் தண்ணீர் நிரப்பியதும் டி.சி.சி.ஏ.வில் தொடங்குங்கள். ஸ்டெபிலைசர் 40 வந்ததும் அதை நிறுத்திவிட்டு லிக்விட் ஹைப்போவுக்கு மாறுங்கள். ஊருக்குப் போகும் வாரத்துக்கு மட்டும் மாத்திரை வைத்துக்கொள்ளலாம். கால்சியம் குருணையும் தவறில்லை, ஆனால் ஏற்கெனவே உப்புக் கடினமான போர் தண்ணீரில் அது டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைப் படிவை அதிகமாக்கும்.

ஸ்டெபிலைசரை மாதம் ஒருமுறை அளந்தால் போதும். கிட்டிலுள்ள மருந்தைச் சேர்த்ததும் தண்ணீர் கலங்கி, சோதனைக் குழாயின் அடியிலுள்ள கறுப்புப் புள்ளி மறையும் மட்டத்தைப் படிக்க வேண்டும். முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் புள்ளி இன்னும் தெரிவதுபோலவே இருக்கும். ஒரு பார்வை பார்த்து முடிவு செய்யுங்கள்.

7. எவ்வளவு போடுவது, எப்படிப் போடுவது

கணக்கு எளிது: ஆயிரம் லிட்டரில் 1 பி.பி.எம். ஏற்ற 1 கிராம் குளோரின். 50,000 லிட்டருக்கு 50 கிராம். அதைத் தருவது 10 சதவீத ஹைப்போ அரை லிட்டர், அல்லது 65 சதவீதக் கால்சியம் குருணை 77 கிராம், அல்லது டி.சி.சி.ஏ. 56 கிராம். மாலையில் 2 காட்டுகிறது, 4 வேண்டும் என்றால் ஹைப்போ ஒரு லிட்டர். அவ்வளவுதான்.

ஹைப்போவின் வீரியம் கேன் மேல் எழுதியபடி இருக்கும் என்று நம்ப வேண்டாம். சூட்டில் சில வாரங்களிலேயே நன்றாகக் குறைந்துவிடும். சின்னக் கேனாக வாங்கி நிழலில் வையுங்கள். சோதித்துப் பார்க்கக் குளமே போதும்: இருட்டிய பிறகு அளந்து, ஒரு லிட்டர் ஊற்றி, மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டி மறுபடி அளங்கள். 2 பி.பி.எம். ஏற வேண்டியது 1 மட்டும் ஏறினால் கேனில் இருப்பது 5 சதவீதம். அடுத்த முறை இரட்டிப்பாக ஊற்றுங்கள், அல்லது கடைக்காரரிடம் பேசுங்கள்.

ஹைப்போவை ரிட்டர்ன் குழாய் முன்னால், தண்ணீருக்கு மிக அருகில் வைத்து, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். மோட்டார் ஓட வேண்டும். குருணையை வாளித் தண்ணீரில் கரைத்துத்தான் விட வேண்டும். நேராக வீசினால் விழுந்த இடத்தில் டைல்ஸ் பூச்சு வெளுக்கும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு குருணை. ஆசிட் விட்ட அன்று குளோரினுக்கு அரை மணி நேரமாவது இடைவெளி கொடுங்கள். டி.சி.சி.ஏ. மாத்திரையை ஸ்கிம்மர் (மேல்மட்டக் குப்பையை இழுக்கும் வாய்) கூடைக்குள் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மோட்டார் நின்றிருக்கும் நேரத்தில் அங்கே தேங்கும் அமிலத் தண்ணீர் குழாயையும் மோட்டாரையும் அரிக்கும்.

8. மாலை மருந்து, காலை சோதனை

வெயில் இறங்கிய பிறகு போடுங்கள். இரவு முழுக்க சூரியன் திருடாமல் குளோரின் வேலை செய்யும். காலை பத்து மணிக்குப் போடுவது, பாதியை வெயிலுக்குப் படைப்பது போல.

வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்: மாலையில் மருந்து போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஃப்ரீ குளோரின் எழுதி வையுங்கள். மறுநாள் சூரியன் எழும் முன் மறுபடி அளங்கள். இரவில் வெயில் இல்லை, குளிப்பவரும் இல்லை. எனவே 1 பி.பி.எம்.முக்கு மேல் குறைந்திருந்தால், தண்ணீருக்குள் ஏதோ தின்றுகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாசியாகவே பெரும்பாலும் இருக்கும். இரவில் குறையாமல் பகலில் மட்டும் 3, 4 என்று போனால், ஸ்டெபிலைசர் போதவில்லை.

குளிக்க இறங்குபவர்களுக்கு ஒரே விதி: முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள். தலையில் தேங்காய் எண்ணெயோடு நாலு பேர் இறங்கினால், டைல்ஸில் தண்ணீர் மட்டத்தையொட்டி விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குப் பழுப்புப் பிசுக்கு படியும். அன்றைய குளோரினும் காலி. தீபாவளிக் காலையில் குளத்தைப் பூட்டி வைப்பது நல்லது.

ஃப்ரீ குளோரின் 10 தாண்டியிருந்தால் யாரும் இறங்க வேண்டாம். மூடாமல் விட்டால் வெயிலே இறக்கிவிடும்.

9. பச்சை அடித்துவிட்டால்

முதலில் பி.எச்.சை 7.2-க்கு இறக்குங்கள், பிறகு குளோரின் ஏறியதும் பி.எச். அளக்க முடியாது. அடுத்து ஃப்ரீ குளோரினை ஸ்டெபிலைசரின் 40 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். 30 இருந்தால் 12. அதை அங்கேயே வைத்திருக்க வேண்டும். ஒருமுறை கொட்டிவிட்டுப் போய்விட்டால் பாசி திரும்பி வரும். முடிந்தபோதெல்லாம் அளந்து, குறைந்ததை நிரப்புங்கள். மோட்டார் நிற்காமல் ஓடட்டும், சுவரையும் ஏணிக்குப் பின்புறத்தையும் விளக்குக் குழியையும் பிரஷ் போட்டுத் தேயுங்கள், ஃபில்டரின் அழுத்தமானி ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது.

தண்ணீர் தெளிந்து, பிணைந்த குளோரின் 0.5-க்குக் கீழே வந்து, இரவில் 1 பி.பி.எம்.முக்கு மேல் குறையாமல் இருந்தால்தான் முடிந்தது. தெளிந்ததும் நிறுத்திவிடுவது பொதுவான பிழை.

போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் ஏற்றியதும் டீத்தண்ணீர் நிறம் வரலாம். அது பாசி அல்ல, பயப்பட வேண்டாம். ஃபில்டரை ஓட்டி, அடியில் படிந்ததை வேக்யூம் செய்து வெளியேற்றுங்கள். மேலும் மேலும் குளோரின் ஊற்றினால் இது சரியாகாது.

10. மழை, மின்வெட்டு, அவசரம்

ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் எல்லா எண்ணையும் அளங்கள். நிரம்பி வழிந்த தண்ணீரோடு ஸ்டெபிலைசரும் ஆல்கலினிட்டியும் போயிருக்கும். இலையும் மண்ணும் வந்து சேர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஸ்டெபிலைசர் சோதனையைத் தவறவிடாதீர்கள். ஏறிப்போயிருந்தவர்களுக்கு மழையே தண்ணீரை மாற்றிக் கொடுத்திருக்கும். மின்சாரம் நாள் முழுக்க இல்லாவிட்டால், ஹைப்போவை வாளித் தண்ணீரில் கலந்து குளத்தைச் சுற்றி ஊற்றி, நீளமான பிரஷால் கலக்கிவிடுங்கள். அன்று யாரும் இறங்க வேண்டாம்.

சின்னக் குழந்தை குளத்துக்குள் மலம் கழித்துவிட்டால், எல்லோரையும் வெளியேற்றி, வலையால் அள்ளி எடுங்கள். வேக்யூம் போடக் கூடாது, குழாய்க்குள் போய்விடும். கெட்டியான மலம் என்றால் ஃப்ரீ குளோரின் 2 பி.பி.எம்.முக்குக் குறையாமலும் பி.எச். 7.5-க்கு மேல் போகாமலும் அரை மணி நேரம் வைத்திருந்தால் போதும். வயிற்றுப்போக்கு என்றால் இந்தக் கணக்கு போதாது. அதில் வரக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் சாதாரண அளவுக் குளோரினில் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். குளத்தைப் பூட்டிவிட்டு, அதிக அளவு குளோரின் சிகிச்சை செய்யத் தெரிந்த ஆளை வரவழையுங்கள். அள்ளிய வலையையும் குளோரின் தண்ணீரில் ஊறவைத்த பிறகே மாட்டி வையுங்கள்.